மாப்பிள்ளைப் பெட்டியும் ஜன்னல் ஆணியும்

பேகம்பூர், திண்டுக்கல்.
வியாழக்கிழமை, காலை 11.10

பெறுநர்: மாப்பிள்ளை மன்சூர் அவர்கள் (அலுவலக முகவரிக்கு).
பொருள்: தங்கள் சிப்பின் மீது நான் சுமத்திய பழி – உண்மை நிலை தெரிவித்தல் – மன்னிப்பும் யோசனையும் கோருதல் – தொடர்பாக.
பார்வை: 1. சென்ற ஜனவரியில் நம் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் தாங்கள் அளித்த விளக்கம். 2. சென்ற ஞாயிறன்று நூர் அகமது கிட்டங்கியில் நடந்த தெருக் கூட்டம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் அருளால் இங்கு எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. உங்கள் மாமிக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் தெருவில் யாராவது சத்தமாகப் பேசினால் வாசல் வரை போவதற்கு அது தடையாக இல்லை. அங்கே நீங்களும் ஷாஹினாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். மேலே பொருள், பார்வை என்று போட்டிருப்பதற்கு மன்னிக்கவும். சார்பதிவாளர் அலுவலக நகல் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவனுக்கு அவை இல்லாமல் கை ஓடுவதில்லை. ஷாஹினா பிறந்ததை என் தம்பிக்கு எழுதியபோதுகூட ‘பொருள்: பெண் மகவு – தெரிவித்தல்’ என்றுதான் தொடங்கினேன். அவன் அதை இன்னும் வைத்திருக்கிறான், வருகிறவர்களுக்குக் காட்டுகிறான்.

இதை ஃபோனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். ஃபோனில் உங்களிடம் எனக்குப் பேச்சு வருவதில்லை. ‘நல்லா இருக்கீங்களா, வேலையெல்லாம் எப்படி, இந்தா உங்க மாமிகிட்டக் குடுக்குறேன்’ என்ற மூன்று வாக்கியத்துக்குள்ளேயே ஆறு வருடம் போய்விட்டது. அலுவலக முகவரிக்கு எழுதுவது ஷாஹினா கண்ணில் படக் கூடாது என்பதற்காக. அவளுக்குத் தெரிந்தால் அவள் அம்மாவுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரிந்தால் பிறகு யாருக்கும் தெரிவிக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்காது.

விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன். ஜனவரியில் நீங்கள் வந்திருந்தபோது, மரியாதைக்காக, உங்கள் வேலை என்ன என்று கேட்டேன். ஆறு வருடம் கழித்துக் கேட்கிறேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. நீங்கள் தட்டிலிருந்து ஒரு சீரகசம்பாச் சோற்றுப் பருக்கையை எடுத்து விரல் நுனியில் வைத்து, எங்கள் சிப் கிட்டத்தட்ட இவ்வளவுதான் மாமா என்றீர்கள். கேபிள் ஒயரில் தூரத்திலிருந்து வருகிற சமிக்ஞை வர வர மெலிந்துபோகும், அதை ஆங்காங்கே பெருக்கிவிட வேண்டும், ஆனால் பெருக்குகிற எந்தக் கருவியும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்துவிடும், அதை முடிந்தவரை குறைப்பதுதான் என் வேலை என்றீர்கள். நான் புரியாமல் தலையாட்டியதைக் கண்டு, இன்னொரு முறை சொன்னீர்கள். ‘கேட்டதக் கேட்டபடி, கொஞ்சம் சத்தமாச் சொல்லணும் மாமா. தன்னுதா ஒண்ணும் சேக்கக் கூடாது. அதுலயும் வரிசையில மொத ஆளு சேக்கவே கூடாது. அவன் சேத்தது பின்னாடி வர்ற அத்தன பேருகிட்டயும் பெருகிப்போகும்.’ அப்போது எனக்குப் புரிந்தது மட்டுமல்ல, உங்கள் மீது ஒரு பாசமும் வந்தது. ஏனென்றால் நானும் அதே வேலைதான் பார்த்தேன். பத்திரத்துக்கு உண்மை நகல் எழுதுகிறவன் ஒரு கால்புள்ளியைக்கூடச் சேர்க்கக் கூடாது. மூலத்தில் ‘வடக்கு’ என்பதற்குப் பதில் தவறாக ‘தெற்கு’ என்றிருந்தால் நகலிலும் தெற்குதான் இருக்க வேண்டும். திருத்தினால் குற்றம். என் மருமகன் நகல் எழுதுகிற ஒரு சோற்றுப் பருக்கையைச் செய்கிறார் என்று அன்று படுக்கும்போது நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம்தான் நம் கேபிள்காரர் ஸ்டீபன்ராஜ் தெருவில் டிவி ஒயரிலேயே இணையமும் கொடுக்க ஆரம்பித்திருந்தார். தெருவின் இந்தக் கோடியில் வரத்து மந்தமாக இருக்கிறது என்று அவர் சொல்ல, நீங்கள் அவரோடு தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து, இந்த மாதிரிப் பெட்டி போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அவர் மதுரையிலிருந்து வாங்கி வந்தார். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டி, இது எங்களுது மாமா என்றீர்கள். உங்கள் மாமி அதைப் பார்த்ததோடு நிற்கவில்லை. நம் வாசலுக்கு எதிரே கம்பத்தில் அந்தப் பெட்டி ஏறிய நாளிலிருந்து போகிற வருகிறவர்களை நிறுத்தி, அண்ணாந்து பார்க்க வைத்து, எங்க மாப்ள செஞ்சது என்று சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் தெருவே அதை மாப்ள பெட்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. ‘மாப்ள பெட்டிக்குப் பக்கத்துல ஆட்டோவ நிறுத்து’ என்று சொல்கிற அளவுக்கு.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. சித்திரையில் ஆரம்பித்தது. எதிர் வீட்டுத் தமிழ்மதியை உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோய்க் குறிப்புகளுக்கு எண் போடுகிற வேலை பார்க்கிறாளே, அந்தப் பெண். ஒருநாள் அவள் சுவரோரம் வந்து நின்றாள். லைன் ஓயாமல் போகிறதாம். இப்படியே போனால் சென்னை ஆபீசுக்கு வந்து உட்காரச் சொல்லிவிடுவார்களாம். ‘குழந்தைய வச்சுக்கிட்டு நான் எங்க தாத்தா போறது? நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க, தெருவே கையெழுத்துப் போடும்’ என்றாள். மனு என்றால் எனக்கு மறுக்க வராது. ஆனால் மனுவுக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? லைன் போகும்போதும் வரும்போதும் எனக்குக் குரல் கொடும்மா, நான் குறித்துவைக்கிறேன் என்றேன். மூன்று வாரம் நாற்பது பக்க நோட்டில் தேதி, போன நேரம், வந்த நேரம் என்று மூன்று பத்தி போட்டு எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு. பழுது என்றால் கண்டபடிதானே வர வேண்டும்? இங்கே லைன் காலை பத்து மணிக்கு வருகிறது, பத்தரைக்குப் போய்விடுகிறது. பகல் ஒன்றரைக்கு வருகிறது, இரண்டுக்குப் போகிறது. சாயங்காலம் ஏழு முதல் ஒன்பது வரை ஒழுங்காக இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் இல்லை. நாள் தவறாமல் இதே நேரம். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துக்கூட இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மனுவில் இப்படி எழுதினேன்: ‘இத்தகைய நேரந்தவறாமை இயற்கையான பழுதில் காணப்படுவதில்லை. எனவே யாரோ ஒருவர் இதைத் தெரிந்தே செய்துவருகிறார் என்று கருத இடமுண்டு.’ அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். நன்றாக அமைந்திருந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் ஓர் இடியில் நம் பழைய டிவி கருகிப்போனது உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து சித்திரை மாதம் முதல் இடிச் சத்தம் கேட்ட நாள் தொட்டு கார்த்திகை முடியும் வரை, டிவி பார்த்து முடித்ததும் கேபிள் ஒயரைத் திருகிக் கழற்றி, ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டுவிடுவேன். வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. நான் டிவி பார்ப்பதும் ஒரு கணக்குத்தான். காலை பத்து மணிச் செய்தி. லுஹர் தொழுகை முடிந்து வந்து ஒன்றரை மணிச் செய்தி. மஃரிப் தொழுகைக்குப் பிறகு உங்கள் மாமியின் தொடர்கள், ஏழிலிருந்து ஒன்பது வரை. அதற்கு மேல் எங்கள் வீட்டில் டிவி கிடையாது.

நீங்கள் படித்தவர். இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நம் வீட்டில் இணையம் கிடையாது, டிவி மட்டும்தான். அது எப்போதும் நன்றாகவே தெரிந்தது. இடையில் ஸ்டீபன்ராஜ் ஒரு மீட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சோதனை செய்தார். நம் வீட்டுக்கும் மூன்று முறை வந்தார். மூன்று முறையும், வந்த மனிதருக்கு டிவி தெரிவதைக் காட்ட வேண்டுமே என்று, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஓடிப்போய் ஆணியிலிருந்து ஒயரை எடுத்துத் திருகிவிட்டேன். அவர் மீட்டரைப் பார்த்தார், உங்க வீட்டுல சுத்தமா இருக்கு பாய் என்றார், போய்விட்டார். அவர் தெருவைத் தாண்டியதும் மறுபடி கழற்றினேன்.

சென்ற ஞாயிறு காலை, பூட்டு வியாபாரி நூர் அகமதுவின் சரக்குக் கிட்டங்கியில் கூட்டம். பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். பூட்டுப் பெட்டிகள் மேல்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். நூர் அகமது நல்ல மனிதர், ஆனால் சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். ஸ்டீபன்ராஜை நடுவில் நிற்கவைத்து, ‘ஏப்பா ஸ்டீபனு, தண்ணிதான் முறை வச்சு விடுறாங்க, நெட்டையும் முறை வச்சுத்தான் விடுவியா?’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனுவை வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை என்று நூர் அகமதுவே வாங்கி வாசித்தார். ‘யாரோ ஒருவர் இதைத் தெரிந்தே செய்துவருகிறார்’ என்ற இடத்தில் நிறுத்தி ஸ்டீபன்ராஜைப் பார்த்தார். தீர்மானம் தயாராக இருந்தது. தெருவே வேறு பெரிய கம்பெனிக்கு மாறிவிடுவது என்று. இந்தத் தெரு போனால் அடுத்த தெருவும் போகும், பிறகு அவருக்குக் கம்பமும் ஏணியும்தான் மிச்சம்.

அவர் கோபப்படவில்லை. ‘நான் எதுக்குண்ணே நிப்பாட்டப் போறேன்? ஏதோ ஒரு வீட்டுல ஒயரு தொறந்து கெடக்கு. காத்துல இருக்குற சத்தம் பூராம் அது வழியா ஏறி வருது. மிக்சி, மோட்டாரு, வெல்டிங்கு, அம்புட்டும். டிவின்னா நான் சொல்றத நீங்க கேக்குறது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. நெட்டுன்னா நீங்க சொல்றதும் எனக்குக் கேக்கணும்ல. எல்லா வீட்டுப் பேச்சும் ஒரே பாதையில வருது. ஒரு வீட்டுச் சத்தம் போதும், தெருவே செவிடாப் போகும்.’ பெட்டி நல்ல பெட்டிதான், ஆனால் நல்ல பெட்டி என்பதாலேயே வருகிற குப்பையையும் அது அப்படியே பெருக்கிக் கொடுத்துவிடும் என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை, மூலத்தில் தெற்கு என்றிருந்தால் நகலிலும் தெற்கு. அந்தக் கணம் எனக்கு ஜன்னல் ஆணி தெரிந்தது. அதற்குக் கீழேதான் உங்கள் மாமியின் மிக்சி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேட் செய்கிற பட்டறை, பகலெல்லாம் வெல்டிங். நோட்டு என் மடியில் விரித்தபடி இருந்தது. பத்து மணி வரவு. பத்தரை போக்கு. மூன்று வாரமாக என் கைப்பட, என் கையெழுத்தில், என் டிவி பார்க்கும் நேரத்தைத்தான் எழுதி வந்திருக்கிறேன். தெருவுக்கு இணையம் இருந்ததெல்லாம் நான் செய்தி பார்த்த நேரம்.

எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நூர் அகமது என் பக்கம் திரும்பி, ‘பாரூக்கண்ணே, நீங்க படிச்சவங்க, உங்க மாப்ளையே இந்த வேலதான். இவன் சொல்றது நெசமா? வீட்டுலருந்து சத்தம் போகுமா?’ என்றார். பதினெட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். போகும் என்றால் எந்த வீடு என்பார்கள். போகாது என்றால் ஸ்டீபன்ராஜ் பொய்யர் ஆவார். இரண்டும் வேண்டாம் என்று ஒரு மூன்றாவது வழி தேடி, ‘சிப்புலயும் ஏதாவது கோளாறு இருக்கலாம்’ என்றேன். நான்கு சொற்கள். மனிதர் யாருக்கும் நோகாது, சிப்புக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். அது உங்களுடையது என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒயரைத் திருகினேன். அன்றிலிருந்து கழற்றவில்லை. லைனும் போகவில்லை. தெருவெல்லாம் சந்தோஷம். ஒரு அதட்டுப் போட்டதும் சரியாயிருச்சு பாத்தீங்களா என்கிறார் நூர் அகமது. தமிழ்மதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மனுவுக்கு நன்றி சொன்னாள். ஆனால் தீர்மானம் முடிந்தபாடில்லை. இப்போது நன்றாக இருந்தாலும் சிப்பில் கோளாறு என்று நானே சொல்லிவிட்டதால் மறுபடி போகும் அல்லவா? எனவே வருகிற ஞாயிறுக்குள் ஸ்டீபன்ராஜ் மாப்ள பெட்டியை இறக்கிவிட்டு வேறு பெட்டி போட வேண்டும், இல்லையென்றால் தெரு கைமாறும் என்று கெடு. புதுப் பெட்டிக்காக அவர் ஸ்கூட்டரை அடகு வைத்திருக்கிறார். ஏணியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனதை நேற்று ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆணிக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன்.

இன்னொன்றும் நடந்தது. வரிசையில் முதல் ஆள் சேர்த்தது பின்னால் பெருகும் என்றீர்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஞாயிறு பகல் டீக்கடையில் ‘பெட்டிக்குள்ள சிப்பு பழுதாம்’. சாயங்காலம் ‘பெங்களூர்லயே அந்தச் சிப்ப நிறுத்திட்டாங்களாம்’. திங்களன்று ‘செஞ்சவரக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்களாம்’. செவ்வாயன்று உங்கள் மாமி கறிக்கடைக்குப் போனபோது பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ‘வேல போனா என்னக்கா, மருமகன ஊரோட வந்து ஒரு பிரியாணிக் கடை போடச் சொல்லுங்க, படிச்ச புள்ள, பொழச்சுக்கும்’ என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். உங்கள் மாமி கறியை வாங்காமலே திரும்பி வந்தாள். ‘கூட்டத்துல நீங்க என்ன பேசுனீங்க?’ என்று கேட்டாள். பொதுவாகப் பேசினோம் என்றேன். அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் எனக்குப் பயம்.

நேற்றுப் பகல் மூன்றேகாலுக்குச் சிறுமலைப் பக்கம் கறுத்துவந்து இடி இடித்தது. பழக்கத்தில் கை ஒயருக்குப் போய்விட்டது. பாதி திருகியபோது ஞாபகம் வந்தது. மூன்று மணிக்கு மேனேஜர் லைனைச் சோதிக்கிறார், எனக்காகத் துஆ செய்யுங்க தாத்தா என்று தமிழ்மதி காலையில் சொல்லியிருந்தாள். திரும்ப இறுக்கிவிட்டு, கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன செய்வது? ஓதிக்கொண்டிருந்தேன். உங்கள் மாமி வந்து, ‘எட்டு வருசமா எலி ஓடுன சத்தத்துக்கே ஒயரப் புடுங்குற மனுசன், இன்னைக்கி தலைக்கு மேல இடிக்குது, டிவிக்குக் காவல் உக்காந்திருக்கீங்க’ என்றாள். டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் ஒன்று தோன்றியது, அதை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் வாழ்நாளில் நான் யாரையும் அதட்டியதில்லை. அலுவலகத்தில் நான் இருப்பதே தெரியாது என்பார்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சத்தம் போடாமல் இருந்தால் யாருக்கும் தீங்கு வராது என்று எழுபத்தோரு வயது வரை நம்பினேன். தெருவிலேயே அதிகச் சத்தம் போட்ட வீடு என் வீடு என்று இப்போது தெரிகிறது. என் காதுக்கு மட்டும் கேட்கவில்லை.

ஆகவே கோருவது இரண்டு. முதலாவது, மன்னிப்பு. இரண்டாவதை எழுதக் கை கூசுகிறது. ஞாயிறன்று கூட்டத்தில் காட்டுவதற்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் கிடைத்தால் நல்லது. வரைவு இத்துடன் இணைத்திருக்கிறேன்: ‘மேற்படி சிப்பானது சித்திரை வெயிலால் தற்காலிகச் சோர்வுக்கு ஆளாகி, தற்போது தானாகவே பூரணமாகத் தேறிவிட்டது எனவும், பெட்டியை மாற்றத் தேவையில்லை எனவும் இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது.’ இப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நடக்கும் என்றால் பெட்டி தப்பும், ஸ்டீபன்ராஜ் ஸ்கூட்டரை மீட்பார், நானும் தப்புவேன். நடக்காது என்றால், நான் எழுந்து சொல்ல வேண்டுமா, அல்லது வேறு வழி இருக்கிறதா என்று யோசனை சொல்லுங்கள். ஒரு கால்புள்ளி சேர்க்காதவன் ஒரு சான்றிதழையே சேர்க்கச் சொல்கிறேன். அதுவும் தெரிகிறது.

உங்களுக்கும் ஷாஹினாவுக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும் குறைவற்ற வாழ்வாதாரத்தையும் தருவானாக. வெயிலில் அலையாதீர்கள். ஷாஹினாவைக் காலையில் சாப்பிடாமல் ஆபீஸ் போக விடாதீர்கள். வஸ்ஸலாம்.

தங்கள் மாமா,
மு. முகமது பாரூக்
இணைப்பு: வரைவு ஒன்று.

பின்குறிப்பு (செவ்வாய், காலை 10.35): மேலே கண்ட கடிதம் குறித்த நாளில் அனுப்பப்படவில்லை. காரணம் பின்வருமாறு. வியாழனன்று நான் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோதே ஸ்டீபன்ராஜ் வந்தார். நடந்து வந்திருந்தார். உங்கள் மாமி டீ கொடுத்தாள். தோள்பையில் புதுப் பெட்டி இருந்தது. சட்டைப் பையிலிருந்து பித்தான் அளவில் ஒரு சின்ன மூடியை எடுத்து என் கையில் வைத்து, ‘இடி இடிச்சா ஒயரக் கழட்டுங்க பாய், தப்பில்ல. கழட்டுனா ஒயரு நுனியில இதத் திருகி விட்டுருங்க. அம்புட்டுத்தான்’ என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்த்தார். எப்போது தெரியும் என்று கேட்டேன். கூட்டத்திலேயே, ஒயர் என்றதும் என் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்றேன். ‘அம்புட்டுப் பேரு முன்னாடி எப்டிப் பாய் சொல்றது’ என்றார். பெட்டியை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், மாப்ள பெட்டியைத் தன் அறையில் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நாலு நாளாகத் தெரு முழுதும் அவரைப் பேசியிருக்கிறது. எதையும் தன்னிடமிருந்து ஒரு சொல்கூடச் சேர்க்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இணைப்பில் உள்ள வரைவைக் கிழித்துவிட்டு, ஞாயிறு வரை கம்பத்துப் பெட்டியைத் தொட வேண்டாம் என்றேன்.

ஞாயிறன்று புதிதாக ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். மனுதாரர் முகமது பாரூக், எதிர்மனுதாரர் மேற்படியார். எழுந்து வாசித்தேன். நூர் அகமது, கேக்கலண்ணே, சத்தமா என்றார். மறுபடி வாசித்தேன். பின்னால் இருந்தவர்கள் அப்பவும் கேக்கல என்றார்கள். மூன்றாம் முறை தாளைக் கீழே போட்டுவிட்டு, ‘எங்க வீட்டு ஒயருதான், நாந்தான் கழட்டிப் போட்டேன், சிப்பு நல்ல சிப்பு’ என்று கத்திவிட்டேன். ஒரு குற்றத்தை மூன்று தடவை ஒப்புக்கொள்ள நேர்ந்தது இந்தத் தெருவில் எனக்குத்தான். பிறகு நூர் அகமது, ‘அப்ப நாங்க நெட்டுப் பாத்ததெல்லாம் நீங்க டிவி பாத்த நேரத்துலயாண்ணே?’ என்றார். கிட்டங்கியே சிரித்தது, பூட்டெல்லாம் குலுங்கின. தமிழ்மதி மட்டும் சிரிக்கவில்லை. ‘அப்ப புதன்கிழமை இடி இடிச்சப்ப?’ என்றாள். கழட்டலம்மா என்றேன். என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடி, தன் பையில் வைத்துக்கொண்டாள். புதுப் பெட்டி மதுரைக்குத் திரும்பிப் போயிற்று. ஸ்கூட்டர் வந்துவிட்டது. உங்கள் பெட்டி கம்பத்திலேயே இருக்கிறது. உங்கள் மாமி கறிக்கடைக்கு, கறி தேவைப்படாத நாளிலும், இரண்டு முறை போய்வந்துவிட்டாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட உட்கார்ந்தபோது, முதல் ஞாயிறு நான் செருப்போடு ஓடிப்போய் ஒயரைத் திருகியபோதே தனக்குத் தெரியும், அன்று மாலையே ஷாஹினாவிடம் சொல்லியாயிற்று என்றாள். ஷாஹினா உங்களிடம் சொல்லியிருப்பாள். ஆக, வெள்ளிக்கிழமை நீங்கள் ஃபோனில் ‘டிவி நல்லாத் தெரியுதா மாமா?’ என்று கேட்டதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. எனவே பொருளில் கண்ட கோரிக்கைகளை வாபஸ் பெறுகிறேன். தெரிவிக்க வேண்டியது ஏதும் இல்லாத இந்தக் கடிதத்தைத் தபால்தலை ஒட்டிவிட்ட காரணத்தால் அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். இப்போது தெருவில் கரண்ட் போனாலும், யாருடைய ஃபோன் பழுதானாலும், முதலில் கேட்பது ‘பாரூக்கண்ணே, ஒயரு!’ என்பதுதான். நான் ஜன்னலுக்குப் போய், மூடி போட்டிருக்கு என்று பதில் சொல்கிறேன். தெருக்கோடி வரை கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் பலமாகவே சொல்கிறேன். ஐந்து நிமிடம் முன்பு நூர் அகமது கடையிலிருந்தே கையைக் காட்டி, ‘எதுக்குண்ணே இம்புட்டுச் சத்தம், கேக்குது’ என்றார். என்னைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொல்வது இதுவே முதல் முறை. தங்கள் தகவலுக்காகப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.